தேறுதல் சொல்வோர்

“காலம் ஆற்றும், மனத்தைத் திடப்படுத்துங்கள்!” இழந்தவனிடம் இவ்வாறு சொல்வதற்குப் பணமும் வேண்டியதில்லை, நாணமும் வேண்டியதில்லை.

2004 டிசெம்பர் 26இல் கடல் இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிழக்குக் கரையின் கூடாரங்களுக்கு உளவளத்துணையாளர் வந்தனர். அவருட் பலர் நல்லவர், மறுப்பதற்கில்லை. ஆனால், அதே வேளையில் அரசு செய்தது யாது? தெற்கே 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் எனத் தடைவலயம் வகுத்து, மீனவன் கரையில் மீண்டும் வீடு கட்டலாகாது என்றது. சுற்றுலா விடுதிகளுக்கோ விதிவிலக்கு! அலைக்கும் வர்க்கபேதம் தெரியும் போலும்.

கரைவலை தனியொருவன் இழுக்கும் வலையன்று. இருபுறமும் பலர் நின்று, அம்பாப் பாடி இழுப்பது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் அருகே மனைவியைப் பறிகொடுத்தவன் கயிறு பிடிக்கின்றான். பேசாமலே ஒருவன் பாரத்தை மற்றவன் அறிகின்றான். மனந்தேறும் இடம் அதுவன்றோ? அங்கிருந்து அவனைப் பெயர்த்துக் கடலோசை எட்டாத குடியிருப்பில் இருத்திவிட்டு, மனவுறுதியைப் போதிப்பது எவ்வகை மருத்துவம்?

தடைவலயம் பின்னர் தளர்த்தப்பட்டது உண்மையே. தானாகவன்று, எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பின்னரே. அதுவரை கூடாரத்திற் கழிந்த மாதங்களுக்கு யார் கணக்குச் சொல்வது?