எழுதாத சுழியை எதிர்பார்க்கலாமா?



ஆறாம் ஆண்டில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் இன்று பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில்கிறான். மழையளவை மாதவாரியாகவும் நிலையவாரியாகவும் கூட்டும் ஃபோர்ட்ரான் நிரலொன்றை எழுதியிருந்தான். ஆய்வுக்கூடத்துப் பழைய கம்பைலரில் சரியான விடை. தன் மடிக்கணினியில் ஜிஃபோர்ட்ரானில் ஓட்டினால் பொருளற்ற எண்கள். "கம்பைலர் கோளாறு, ஐயா" என்றான். ஒப்படைக்க இரண்டே நாள். ஆசிரியப் பணிக்கு வருமுன் ஃபோர்ட்ரான் 77இல் உழன்றவன் நான் என்பது அவனுக்குத் தெரியும்.

கோளாறு கம்பைலரில் இல்லை என்பதே என் கருத்து. துணைநிரலுக்குள் இருபரிமாண அணியை அறிவித்தவன் அதற்குத் தொடக்க மதிப்புத் தரவில்லை. அத்தகைய அணியின் மதிப்பு வரையறுக்கப்படாதது என்றே மொழியின் தரவிதி கூறுகிறது. பழைய கம்பைலர்கள் பல அதனை நிலையான நினைவகத்தில் வைத்தன. அங்குப் பெரும்பாலும் சுழியே இருந்தது. இன்றையவை தற்காலிக அடுக்கில் வைக்கக்கூடும்; அங்கே முந்தைய கணக்கின் எச்சம் கிடக்கும். சுழி கிடைத்தது தற்செயல். அதனை உரிமையென்று எண்ணியது அவன் பிழை.

உடனே அறிவிப்பு வரியிலேயே சுழியை இட்டான். முதல் அழைப்பில் விடை சரி. இரண்டாம் அழைப்பிலோ பழைய கூட்டுத்தொகையின் மீதே புதியது ஏறியது! அறிவிப்பில் மதிப்பிட்டால் அணி 'சேவ்' பண்பைத் தானாகவே பெறும். சுழி ஒரே முறைதான் இடப்படும். சி மொழி பயின்று வருவோர் இடறும் இடம் இது. செயற்படும் பகுதியின் முதல் வரியில் 'மழை = 0' என்று எழுதினால் போதும்; ஃபோர்ட்ரான் 90 முதல், எத்தனை பரிமாணமாயினும் அணி முழுவதும் சுழியாகும்.

நிலையங்களின் திருத்த எண்களைக் கொண்ட அட்டவணையிலும் சிக்கல். கணிதத்தில் 'நிரல்' என்பது மேலிருந்து கீழாக வருவது. கணினித் தமிழில் அதுவே புரோகிராம். இந்தக் குழப்பம் நம் கலைச்சொல்லாக்கத்தின் குறை. அதனை வேறொரு நாள் பேசுவோம். ஃபோர்ட்ரான் நெடுவரிசையாகவே நிரப்பும். இரண்டு வரிசை, மூன்று நெடுவரிசை கொண்ட அணிக்கு 1 முதல் 6 வரை தந்தால், முதல் வரிசையில் 1, 3, 5 அமரும். 'ரீஷேப்' செயற்கூற்றில் 'ஆர்டர்' 2, 1 என்று குறித்தால்தான் 1, 2, 3 கிடைக்கும். அறிவிப்பிலேயே சாய்கோடுகளுக்கிடையே எண்களை அடுக்கும் பழைய முறை தரவிதியில் இல்லாதது. ஒரு கம்பைலர் ஏற்கும், மற்றொன்று மறுக்கும்.

நேற்றிரவு திருத்திய நிரலை அனுப்பினான். மூன்று அணிகளுக்குச் சுழி வரி இருந்தது, நான்காவதற்கு இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.