சளிப்பூஞ்சைகளும் வெறும் பட்டியல்களும்

மழைக்குப் பின் மட்கிய மரத்தின்மீது மஞ்சள் கோழைபோல் ஊர்ந்து பாக்டீரியாக்களை உண்ணும் சளிப்பூஞ்சை, உண்மையில் பூஞ்சைக் குலத்தைச் சேர்ந்ததன்று. சில நாட்களில் அக்கோழை குண்டூசித் தலையொத்த கனியுறுப்புக்களாக மாறி, ஸ்போர்த் தூளைக் காற்றில் விட்டுவிடும். உலகில் ஏறத்தாழ 1,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. எஸ். திண்ட் 1950-களில் முசூரி மலைகளில் இவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார். 1977-இல் இந்திய இனங்களைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். முசூரியிலிருந்து இத்துணை இனங்கள் அறியப்பட்டதற்கு அங்குள்ள ஈரம் மட்டுமே காரணமன்று; தேடுவோரும் அங்கிருந்தனர். அருணாசலப் பிரதேசக் காடுகள் அவ்வாறு தேடப்படவில்லை. அங்கே ஓர் இனம் குறிக்கப்படாததால் அது அங்கில்லை என்று கொள்வது பெரும் பிழையாகும்.

இரண்டு வாரப் பயணம் செய்து, இனங்களின் பெயர்ப்பட்டியலோடு திரும்பும் வழக்கத்தை நாம் கைவிடுதல் வேண்டும். ஸ்டெமனைட்டிஸ் பேரினத்தில் ஸ்போரின் மேலுள்ள நுண்வலையையோ சிறு முனைகளையோ கண்டுதான் இனத்தைப் பிரித்தறிகிறோம். இன்று இட்ட பெயரை நாளை ஒருவர் ஐயுற்றால், எடுத்துப் பார்ப்பதற்கு மாதிரி வேண்டாமா? பட்டியலை நுண்ணோக்கியின்கீழ் வைக்க இயலாது. புதிய இனத்தை மட்டும் போற்றி, சாதாரண இனங்களை எறிந்துவிடுவோரும் உளர். அதனால் எது எங்கே பரவியுள்ளது என்னும் செய்தியே அழிந்துபோகிறது.

இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. தீப்பெட்டியின் உள்தட்டில் மாதிரியை ஒட்டி, இடம், நாள், மரத்தின் பெயர், கடல்மட்டத்திற்குமேல் உயரம் ஆகியவற்றை எழுதி வைத்தாற் போதும். அமெரிக்காவின் ஐயோவாவில் கில்பர்ட், மார்ட்டின் என்னும் இருவர் 1933-இல் வெளியிட்ட முறையும் நமக்குக் கைகொடுக்கும். உயிருள்ள மரத்தின் பட்டையை ஈரத்தாள் விரித்த தட்டில் வைத்தால், காட்டில் கண்ணுக்குத் தென்படாத சிற்றினங்கள் அதில் முளைக்கும். பட்டையை உலர்த்தி எடுத்துவந்து பல மாதங்கள் கழித்து நனைத்தாலும் பயனுண்டு. அட்டைக்கடியும் மண்சரிவும் மிகுந்த அம்மலைகளில் இது சிறிய வசதியன்று! ஆயினும் விழுந்த மரங்களில் மட்டும் வாழ்வன இத்தட்டில் தோன்றா. அவற்றிற்குக் காட்டுக்கே செல்ல வேண்டும், ஒருமுறையன்று, மழைக்காலம் முழுவதும்.

தலைநகரிலிருந்து எவரும் அவ்வாறு சென்றுவர இயலாது. அங்குள்ள கல்லூரி மாணவர்களே அதற்குத் தக்கவர்கள். அடுத்த பருவமழைக்கு முன்னரே அவர்களுக்கு உருப்பெருக்கும் கண்ணாடியும் காலித் தீப்பெட்டிகளும் வழங்கப்பெறுதல் வேண்டும். சேகரித்த மாதிரிகளில் ஒரு பகுதி அம்மாநிலத்திலேயே பாதுகாக்கப்படுதலும் வேண்டும்.