வீரபாண்டிக்கும் உண்டு சுயாட்சி

2025 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு நல்ல அறிவிப்பு வந்தது. மாநிலங்களின் உரிமைகளை மீட்க வழி சொல்வதற்காக, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் உயர்நிலைக் குழு. 1969-ல் மாநில சுயாட்சிக்காக ராஜமன்னார் குழுவை அமைத்த மாநிலம் மறுபடியும் அந்தக் கொடியைத் தூக்கியதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதற்குச் சரியாக நூறு நாள் முன்பு, ஜனவரி 5-ஆம் தேதி, தேனி உட்பட மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் பதவிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் இடத்துக்குத் தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆறு மாதம்தான் என்றார்கள். ஆறு மாதம் ஆனதும் நீட்டித்தார்கள். அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் இல்லாமலே கழிந்தது.

டெல்லியிடம் சென்னை கேட்பது நியாயம் என்றால், சென்னையிடம் தேனி மாவட்டத்து வீரபாண்டியும் உப்புக்கோட்டையும் கேட்பதும் நியாயம்தான். ஐந்தாண்டு முடியும் நாளில் அடுத்த மன்றம் தயாராக இருக்க வேண்டும். ஒரு நாள்கூட இடைவெளி கூடாது. இதுவே நம் நிலைப்பாடு.

இது புதுக் கோரிக்கை அல்ல. அரசியல் சாசனத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு 243இ பிரிவும் நகர அமைப்புகளுக்கு 243யூ பிரிவும் ஒன்றையே சொல்கின்றன: பதவிக்காலம் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை, அது முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். இந்தக் கெடு கட்டாயமானது என்று 2006-ல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது.

வீரபாண்டி பேரூராட்சி என்பதால் 2025-ல் தப்பித்தது. இப்போதுள்ள மன்றம் 2022 பிப்ரவரி 19-ல் தேர்ந்தெடுக்கப்பட்டது; 2027 தொடக்கம் வரை காலம் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய கதையை இந்த ஊர் மறந்திருக்க முடியாது. 2011-ல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையை சென்னை உயர் நீதிமன்றம் இடஒதுக்கீட்டுக் குறைபாட்டைக் காட்டி ரத்து செய்தது. ஒரு மாதத்தில் சரிசெய்திருக்கக்கூடிய குறை அது. பிறகு வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, புது மாவட்டங்கள், கொரோனா என்று இழுத்து, வீரபாண்டிக்காரர்கள் அடுத்து ஒரு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டது 2022-ல். மன்றம் இல்லாமல் ஐந்தாண்டும் நாலு மாதமும். ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட அதிகம்.

அந்தக் காலத்தில் ஊர் எப்படி நடந்தது? நடந்தது. தெருவிளக்கு எரிந்தது, குப்பை வண்டி வந்தது. அதைக் காட்டித்தான் ‘மன்றம் இல்லாமலே நடந்துவிட்டதே, என்ன குறைந்துபோச்சு?’ என்கிறார்கள். குறைந்தது என்னவென்று பார்க்க கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொண்டால் போதும். கம்பம் நட்ட நாள் முதலே பக்தர்கள் முல்லையாற்றில் முங்கி, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து கம்பத்துக்கு ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். அக்னிச்சட்டி, ஆயிரங்கண் பானை, மாவிளக்கு என்று இரவு பகல் பாராமல் கூட்டம். சில ஆயிரம் பேருக்குக் குடிநீர் கொடுக்க அமைந்த பேரூராட்சி, அந்த ஒரு வாரத்தில் லட்சக்கணக்கானோருக்குக் கழிப்பறையும் தண்ணீரும் துப்புரவும் கொடுத்தாக வேண்டும். தேர் நிலைக்கு வந்த மறுநாள் ஆற்றங்கரையில் ஈரச்சேலைகளும் எண்ணெய்ப் பொட்டலங்களும் எலுமிச்சைத் தோலும் குவிந்து கிடக்கும். அதை அள்ள எத்தனை ஆள், எவ்வளவு கூலி, கோயில் நிர்வாகம் எவ்வளவு தரும், பேரூராட்சி எவ்வளவு போடும், எந்தத் தெருவில் வாகனத்தை மறிப்பது, எந்த வீட்டு வாசலில் கடை போட விடுவது? ஒவ்வொன்றிலும் ஒருவர் லாபமும் மற்றொருவர் இடைஞ்சலும் இருக்கிறது. இவற்றை மன்றத்தில் உறுப்பினர்கள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டுத் தீர்ப்பதற்குப் பெயர்தான் ஆட்சி.

தனி அலுவலர் காலத்தில் அந்த மேசையே இல்லை. பேரூராட்சியின் செயல் அலுவலரே தனி அலுவலராகவும் இருந்தார். தீர்மானத்தை முன்வைப்பதும் அவர், நிறைவேற்றுவதும் அவர், காசோலையில் கையெழுத்துப் போடுவதும் அவர். அவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. நல்ல அலுவலர்களும் உண்டு, மாறுதல் உத்தரவு வரும்வரை. ஆனால் ‘எங்க தெருவுல நாலு நாளா தண்ணி வரல’ என்று அதிகாலையில் கதவைத் தட்ட அவர் வீடு நம் தெருவில் இல்லை. அடுத்த தேர்தலில் நம் முன்னால் கைகூப்பி நிற்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. கிராமங்களில் நிலைமை இன்னும் மோசம். தேனி மாவட்டத்தில் 130 ஊராட்சிகள், 8 ஒன்றியங்கள். வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர் என்றால், சராசரியாக ஒருவர் தலையில் பதினாறு ஊர். மேகமலை அடிவாரத்துக் குக்கிராமத்தின் போர்வெல் மோட்டாரைப் பழுதுபார்ப்பதும் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கும். பணமும் நின்றது: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று சொல்லி, மத்திய நிதிக்குழு மானியத்தை 2016-க்குப் பிறகு ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததும் இந்த மாநிலத்துக்குத்தான்.

இந்த நோய் ஒரு கட்சியுடையது அல்ல. 1973-ல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் மறுபடி தேர்தலைக் கண்டது 1996-ல். ஊராட்சிகளுக்கு 1970-க்குப் பின் 1986, அதற்குப் பின் 1996. 2004-ல் 561 பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். 2006-ல் ஆட்சி மாறியதும் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். இரண்டு முறையும் எந்த ஊரையும் கேட்கவில்லை. தலைவரை மக்களே தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் அப்படியே: 2011-ல் நேரடி, 2022-ல் மறைமுகம். எந்த முறை ஆளுங்கட்சிக்குத் தோதோ அந்த முறை. தமிழ்நாட்டோடு நிற்கவும் இல்லை. பெங்களூரு மாநகராட்சியின் காலம் 2020 செப்டம்பரிலும் மும்பையின் காலம் 2022 மார்ச்சிலும் முடிந்து, இரண்டு பெருநகரங்களையும் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே நிர்வகித்தார்கள். கட்சிகள் வேறு, வழக்கம் ஒன்று.

வீரபாண்டி இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு இதில் தனி நியாயம் இருக்கிறது. தன் தண்ணீரைப் பற்றி வேறெங்கோ முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்று இந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1895 முதல் முல்லைப் பெரியாறுதான் லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகத்துக்கு உயிர். 1979-ல் அணையின் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். 2006 பிப்ரவரியில் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் போட்டு அதை முடக்கியது. 2011 டிசம்பரில் அணைக்காகக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். முன்னால் எந்தக் கட்சிக் கொடியும் இல்லாமல் நடந்தார்கள். 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தீர்ப்பைச் சட்டம் போட்டுத் தாண்ட எந்த மாநிலத்துக்கும் அதிகாரம் இல்லை என்று கேரளத்தின் சட்டத் திருத்தத்தைச் செல்லாததாக்கியது. அன்று வீரபாண்டி வரை வெடி வெடித்துக் கொண்டாடினோம் என்றால், எதைக் கொண்டாடினோம்? மாநில அரசுக்கு மேலே ஒரு சாசனம் இருக்கிறது என்பதைத்தான். அந்தச் சாசனம் 142 அடிக்கு மட்டும் செல்லும், 243யூ-வுக்குச் செல்லாது என்று நம் அரசு எந்த வாயால் சொல்லும்?

அதே கேரளத்தைப் பாருங்கள். 1995-ல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் உள்ளாட்சித் தேர்தல். கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 டிசம்பரிலும் நடத்தினார்கள். 2025 டிசம்பரிலும் நடத்தி முடித்தார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியே விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் நம் பெண்கள், வார்டு வேட்பாளர்களின் படங்களை அங்கே சுவருக்குச் சுவர் பார்த்துக்கொண்டே போனார்கள். சொந்த ஊரில் தனி அலுவலர். அணைக்காக அவர்களோடு மல்லுக்கட்டுகிறோம், கட்டுவோம். இந்த ஒன்றை அவர்களிடம் கற்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது லேசானது அல்ல. உள்ளாட்சி என்பது ஊரின் ஆதிக்க சாதிக்குச் சாவி கொடுப்பது என்பது. கிராமத்தை அடிப்படை அலகாக வைக்கும் யோசனையை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கடுமையாக நிராகரித்தது இதனால்தான். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் அவர் அச்சம் கண்முன் நடந்தது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு அங்கே தேர்தலே நடக்க விடவில்லை, நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா. மேலவளவில் 1997-ல் தலைவர் முருகேசனையே வெட்டிக் கொன்றார்கள்.

ஆனால் அந்தக் கதை முடிந்தது எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2006 அக்டோபரில் பாப்பாபட்டி உள்ளிட்ட ஊர்களில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் நிலைத்தார்கள். முட்டுக்கட்டை உடைந்தது தேர்தலை நடத்தியதால். தனி அலுவலரை வைத்ததால் அல்ல. சுழற்சி இடஒதுக்கீடும் பெண்களுக்கான 50 சதவீதமும் தேர்தல் நடந்தால்தான் உயிர் பெறும். தேர்தலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும், முதல் முறை நாற்காலியில் உட்காரவிருந்த ஒருவரின் முறையைப் பறிக்கிறது. நாட்டாமைகளுக்கு நாற்காலி காலியாக இருந்தாலும் அதிகாரம் குறைவதில்லை.

நாற்காலியோடு கொடிக்கம்பமும் இருக்கிறது. தலித் ஊராட்சித் தலைவர்களைக் கொடியேற்ற விடாத ஊர்கள் இருந்ததால்தான், 2022 சுதந்திர தினத்துக்கு முன் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அவர்களே கயிற்றை இழுக்க வேண்டும் என்றது அந்தக் கடிதம். 2025 ஆகஸ்ட் 15 அன்று தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளிலும் அந்தக் கயிற்றைப் பிடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. நாட்டுப்பற்று பற்றித் தொலைக்காட்சியில் தொண்டை வரளப் பேசுகிறவர்கள் எவரும் இதைப் பேசிக் கேட்கவில்லை. வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள், தர்காவும் தேவாலயமும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் ஊர்கள், மலையேறினால் மலையாளம் என்று வாழும் இந்தப் பள்ளத்தாக்கில், இந்தியர் என்பதற்கு மொழியோ சாதியோ அடையாளம் ஆக முடியாது. கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரை நாமே அமர்த்தினோம் என்பது மட்டுமே பொதுவானது. ஓட்டு மையை விரலிலிருந்து ஐந்தாண்டுக்கு மேல் அழித்துவைத்துவிட்டு ‘இந்தியர் என்று பெருமைப்படு’ என்றால் எப்படி?

உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டுவதில் டெல்லிக்கும் சென்னைக்கும் போட்டி. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும்தான் என்பதை இருவரும் சொல்வதில்லை, போகட்டும். ஆனால் கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினர் மறுபடி நிற்க முடியாது, அவர் உறவினரும் நிற்க முடியாது என்று அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. பதவிக்காலம் ஓராண்டு. ஓராண்டு முடிந்ததும் அடுத்த ஓலை. தனி அலுவலர் என்ற சொல் அந்தச் சுவரில் எங்கும் இல்லை.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. வார்டு மறுவரையறையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் மன்றத்தின் காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே வெளியாக வேண்டும்; அதில் இறுதி முடிவு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கையிலேயே இருக்க வேண்டும். ஊர்களை இணைப்பது, நிலை உயர்த்துவது போன்ற உத்தரவுகளைத் தேர்தல் ஆண்டில் போடக் கூடாது. குறித்த நாளில் பட்டியல் வராவிட்டால் பழைய வார்டுகளிலேயே தேர்தல் என்று சட்டத்தில் எழுதிவிட்டால், வழக்குப் போட்டு இழுக்கும் ஆசையே போய்விடும். தனி அலுவலர் நியமனத்துக்குச் சட்டம் இடம்கொடுக்கும் பிரிவை வெள்ளம், பூகம்பம் போன்ற பேரிடருக்கு மட்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் நீளாதபடி, சுருக்க வேண்டும்.

வீரபாண்டி மன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடலாம்: எங்கள் காலம் முடிவதற்குள் எங்கள் ஊருக்குத் தேர்தல் நடத்துங்கள், அட்டவணையை எழுத்தில் தாருங்கள் என்று. அதற்கு மன்றத்துக்கு முழு உரிமை உண்டு. தீர்மான நகலை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். பழனிசெட்டிபட்டியும் மற்றப் பேரூராட்சிகளும் அதையே செய்தால் நல்லது. நாளைக்கு விஷயம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால், ‘யாரும் கேட்கவில்லையே’ என்று அரசு வழக்கறிஞர் சொல்ல முடியாது.