பழைய கூண்டு லாரி வாங்கலாமா?

மாமரத்தில் கிளை கழிக்கவும், புளி உலுக்கவும், சாலையோர மரத்தில் பட்டுப்போன கொம்பை இறக்கவும், மரம் ஏறத் தெரிந்த ஆள் கிடைப்பது ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தில் அருமையாகி வருகிறது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையும், 1980-ம் வருஷத்தில் அசோக் லேலண்ட் கம்பெனியின் லாரித் தொழிற்சாலையும், அவற்றைத் தொடர்ந்து வேறு பல ஆலைகளும் ஏற்பட்ட பின்னர், கிராமத்து வாலிபர்கள் மாதச் சம்பளத்தை நாடிச் செல்வது இயல்பே. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவனுக்கு ஆயுள் முழுதும் கஞ்சி வார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு, எந்தக் கிராமமும் திருப்தியான விடை சொன்னதில்லை.

ஆகவே, நகரசபைகளில் தெருவிளக்கு மாற்றவும் கிளை வெட்டவும் உபயோகிக்கும் கூண்டு லாரியின்மேல் தோட்டக்காரர்களுக்கு நாட்டம் உண்டாவது ஆச்சரியமன்று. 'ஸ்கை லிஃப்ட்' என்பது அதன் வழக்குப் பெயர். புது வண்டியின் விலை கைக்கு எட்டாது. பழைய வண்டியோ எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பாதிக்கும் குறைந்த விலையில் அகப்படும் என்று தரகர்கள் சொல்லுவார்கள். இயந்திரம் நல்லதே. எனினும், தனி ஒரு குடியானவர் அதை வாங்குவது நஷ்டத்துக்கு வழி. பலர் கூடி, தக்கவரைக் கொண்டு சோதித்து, உயர்ந்த மரங்களுக்கு மாத்திரம் பயன்படுத்துவதாயின் அது அனுகூலமே. இதற்குரிய காரணங்கள் கீழே கூறப்படும்.

தோட்டத்தில் பிறந்த இயந்திரம்

இக்கூண்டு மின்சாரக் கம்பெனிக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் ஜே ஐட்டல் என்பவர், ஏணியை மரத்துக்கு மரம் தூக்கி வைத்துச் செர்ரிப் பழம் பறித்து அலுத்துப்போய், 1944-ம் வருஷத்தில் இதை யோசித்து அமைத்தார். 'செர்ரி பறிப்பான்' என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குவது அதனாலேயே. பின்னரே தந்திக் கம்பம், மின்கம்பம் முதலிய வேலைகளுக்கு அது சென்றது. ஆனால் தோட்டக்காரர் கவனிக்கவேண்டியது யாதெனில், அது தோட்டத்தைவிட்டுச் சாலைக்குப் போனபின், சாலைக்கு ஏற்றவாறே கனமும் நீளமும் பெற்றது என்பதே. லாரியின்மேல் ஏறிய கூண்டு கெட்டியான தரையில் நிற்க அமைந்தது. உழுத செம்மண்ணில் நிற்க அமைந்ததன்று.

எந்த மரத்துக்கு வேண்டும்?

கிருஷ்ணகிரி ஜில்லாவின் பெருமை மாம்பழம். பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்ஸா ஆகிய ஜாதிகள் இங்கு விளைந்து சந்தைக்கும் பழக்கூழ் ஆலைகளுக்கும் செல்லுகின்றன. ஆனால் மாமரத்துக்குக் கூண்டு லாரி தேவையில்லை. மனிதனை மரத்தின் உயரத்துக்கு ஏற்றுவதைவிட, மரத்தை மனிதனுடைய உயரத்துக்கு இறக்குவதே மேல். அறுவடை முடிந்து ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் உள்கிளைகளையும் மேல்நோக்கி ஓடும் கொம்புகளையும் வருஷந்தோறும் கழித்து வந்தால், தரையில் நின்றே வலைத் துறட்டியால் காய் பறிக்கலாம். வானளாவிய கிழட்டு மரங்களையும் தலை தறித்துப் புதுக்கிளை விடச் செய்யலாம். ஆனால் தறித்த மரம் இரண்டு மூன்று வருஷம் சரியாகக் காய்க்காது. ஆதலால் தோப்பு முழுவதையும் ஒரே வருஷத்தில் தறிக்காமல் பகுதி பகுதியாகச் செய்து, வெட்டுவாயில் போர்டோ பசை பூசவேண்டும்.

தென்னையும் அவ்விதமே. மரமேறும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ம் வருஷம் முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற திட்டத்தில் வாலிபர்களுக்கு அக்கருவியைப் பழக்கி வந்திருக்கிறது. நெருங்கி நிற்கும் தென்னைகளுக்கு இடையே லாரி நுழையவும் முடியாது.

எஞ்சுவது புளி. அஞ்செட்டிப் பக்கத்து ஊரிகம் என்ற ஊரின் பெயராலேயே ஒரு புளி ஜாதி வழங்குமளவு, புளி இந்த ஜில்லாவுக்கு உரியது. விதையில் முளைத்த பழம்புளி 60 அடிக்கு மேலும் வளரும். அதைத் தறித்துக் குட்டையாக்குவது எளிதன்று. மேலேறிக் கழியால் அடிப்பதில் ஆளுக்கும் ஆபத்து, இளங்கொம்புகளுக்கும் சேதம். இதற்கும், வரப்போரத்து சவுக்கு, சில்வர் ஓக் மரங்களுக்கும், வீட்டின்மேல் சாய்ந்த கொம்புகளை இறக்குவதற்குமே கூண்டு லாரி உண்மையில் பயன்படும். புதிதாகப் புளி நடுவோர் பெரியகுளம் 1 போன்ற ஒட்டுக்கன்றுகளை நட்டு, இளமையிலேயே தாழ்வாக வளர்த்தால், அடுத்த தலைமுறைக்கு இந்தக் கவலையும் குறையும்.

வருஷத்தில் எத்தனை நாள்?

ஒருவருக்கு 5 ஏக்கர் மாந்தோப்பு இருப்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரமாக மொத்தம் 200 மரம். நாளொன்றுக்கு 20 மரம் முடித்தாலும் வேலை 10 நாளில் தீரும். மற்ற 355 நாளும் வண்டி களத்தில் நின்று துருப்பிடிக்கும்; வரியும் இன்ஷூரன்ஸும் நிற்பதில்லை. ரப்பர்க் குழாய்கள் ஓடாமல் நின்றாலும் வெடிக்கும்; எண்ணெய் அடைப்பான்கள் காய்ந்து கசியும். 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்பது இதுதான்.

ஒரு பிர்க்காவைச் சேர்ந்த 30, 40 பட்டாதார்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ சேர்ந்து வாங்கினால் கணக்கு வேறு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை புளி, ஆகஸ்டில் கிளை கழித்தல், மழைக்கு முன் சாலையோரத்து வேலை என்று வண்டிக்கு வருஷம் முழுதும் வேலை அமையும். பழகிய ஓட்டுநர் ஒருவரையும் நிரந்தரமாக வைக்கமுடியும். வண்டியினும் முக்கியமானவர் அவரே.

வண்டியைச் சோதிக்கும் விதம்

பழைய கூண்டு லாரியில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறலாகாது. லாரி நின்ற இடத்தில் நிற்க, இஞ்சின் மாத்திரம் ஓடி எண்ணெய் பம்பைச் சுழற்றும் வேலையே இதில் அதிகம். மீட்டரில் 40,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியின் இஞ்சின் அதைப்போல் பன்மடங்கு உழைத்திருக்கக் கூடும்.

புதுப் பெயிண்டு அடித்த வண்டியை இரட்டிப்பாகச் சந்தேகிக்க வேண்டும். 'பூம்' என்னும் தூக்குக் கரத்தின் அடியிலும் மூட்டுகளிலும் உள்ள வெல்டிங்கை, பெயிண்டைச் சுரண்டி மயிர்க்கோடு போன்ற வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கரத்தைக் கிடையாக நீட்டி, கூண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் மூட்டு ஆணிகளின் தேய்மானமும், அடியிலுள்ள சுழல் வளையத்தின் ஆட்டமும் தெரியவரும். பின்பு, கூண்டின் தகட்டில் குறித்த எடைக்குச் சமமாக மணல் மூட்டை ஏற்றி, உயர்த்தி, இஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். கூண்டு தானே இறங்குமாயின் பூட்டு வால்வோ சிலிண்டரோ பழுது. இஞ்சின் நின்றுபோனால் கையால் கூண்டை இறக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தகடே இல்லாத வண்டியையும், சோதனைக்கு விடாதவரின் வண்டியையும் வாங்கலாகாது. இத்தனைக்கும் ஒரு நாள் கூலி கொடுத்து ஹைட்ராலிக் வேலை அறிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்வது, வாங்கும் விலையில் மிகச் சிறிய பங்கு. ஓசூரில் அத்தகையவருக்குக் குறைவில்லை.

எல்லை தாண்டி வரும் வண்டி

கர்நாடகப் பதிவுள்ள வண்டிக்கு அங்குள்ள பதிவு அதிகாரியிடம் ஆட்சேபமில்லாச் சான்று பெறவேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச்செய்ய வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாகாணத்து வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருந்தால் புதுப் பதிவு எண்ணும் வாங்கியாக வேண்டும். சரக்கு லாரியில் பின்னால் கூண்டு பொருத்தியிருந்தால், அம்மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருப்பது அவசியம். இல்லையேல், விபத்துக் காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமாகும். மத்திய சர்க்கார் 2004-ல் வெளியிட்ட வாகனப் பட்டியலில், மரக்கிளை வெட்டும் வண்டி சர்க்காருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் உரியதாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் தனியார் பெயருக்கு எந்த வகுப்பில் பதிவாகும் என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்னரே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

நகரசபை ஏலத்தில் எடுப்போர் மற்றொன்றும் அறிய வேண்டும். 2023-ம் வருஷம் ஏப்ரல் 1 முதல், சர்க்கார், நகரசபை வண்டிகளின் பதிவு 15 வருஷத்துக்கு மேல் நீடிப்பதில்லை. அவை உடைப்பதற்கே உரியவை. மலிவு என்று எடுத்தால் கையில் மிஞ்சுவது பழைய இரும்பே.

மின்கம்பி

இங்கு விற்பனைக்கு வரும் கூண்டுகளிற் பெரும்பாலானவை வெறும் இரும்பு. மின்சாரம் பாயாத கண்ணாடியிழைக் கரம் உள்ளவையும், காலந்தோறும் உயர் மின்னழுத்தச் சோதனை செய்யாவிடில் நம்பத்தக்கவையல்ல. அமெரிக்க வேலைப் பாதுகாப்பு விதிகள், மின்வேலை பயிலாதவர் 50,000 வோல்ட் வரையுள்ள கம்பியிலிருந்து 10 அடிக்குள் நெருங்கலாகாது என்கின்றன. கம்பியருகே உள்ள கிளையை மின்வாரியத்துக்கு எழுதி, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே தொடவேண்டும். கூண்டில் நிற்பவர் உடல் முழுவதையும் பற்றும் பாதுகாப்பு வாரை அணிந்து, கூண்டின் கொக்கியில் மாட்டிக்கொள்ள வேண்டும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினாலும் கரத்தின் நுனி மனிதனைக் கவண்கல்லைப்போல் எறிந்துவிடும். மழை பெய்த மறுநாள் ஜாக்கிக் கால்களின் அடியில் தடித்த பலகை வைக்காமல் கூண்டை உயர்த்துவதும் தகாது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

புறம்போக்கிலும் சாலையோரத்திலும் உள்ள புளிய மரங்களின் மகசூல் ஏலத்துக்கு விடப்படுகிறது. ஏலத்தொகை உயர்வதிலேயே கண்ணாயிராமல், மரமேறும் ஆளுக்குக் கயிறும் வாரும் விபத்து இன்ஷூரன்ஸும் ஏலதாரர் தரவேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது நலம். வேலையாளுக்கு நேரும் விபத்துக்கு வேலை கொடுப்பவர் நஷ்டஈடு தரும் கடமை 1923-ம் வருஷத்துச் சட்டத்திலிருந்தே தொடர்ந்து வருவது. வாயால் பேசிய கூலி வேலை என்று அதைத் தட்டிக்கழிக்க இயலாது. பொது நிலத்து மரங்களை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும், வண்டி வைத்திருப்போருக்கு அதிகாரிகள் எடுத்துச் சொல்லவேண்டும்.

ஆள் கிடைக்காத குறையை இயந்திரம் தீர்க்கும் என்பது மெய்யே. ஆனால் சோதனையற்ற பழைய இயந்திரம், மரத்திலிருந்து விழும் ஆபத்தை நீக்காமல், கூண்டிலிருந்து விழும் ஆபத்தாக அதை மாற்றிவிடுகிறது. மாவைத் தாழ்த்தி, தென்னைக்குக் கருவி பழகி, புளிக்கு மாத்திரம் கூட்டாகக் கூண்டு தேடுவதே விவேகம். தோப்பைத் தாழ்த்தும் முறையையும் ஒட்டுக்கன்று விஷயங்களையும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறிந்து, இவ்வருஷத்துக் கழிப்பு வேலையிலிருந்தே குடியானவர்கள் தொடங்குவார்களாக.