மாற்று இல்லாத ஒன்று

சுங்கை பூலோ வீட்டில் அண்ணன் 'ரெசிடென்ட் ஈவில்' விளையாடும்போது நான் தலையணைக்குப் பின்னால் ஒளிந்துதான் பார்ப்பேன். 1996இல் வந்த அந்த விளையாட்டுக்கு ஒரு பாட்டி உண்டு என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. 1989இல், கியோஷி குரோசாவாவின் பேய்ப் படத்தை ஒட்டி ஜப்பானில் கேப்கோம் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்'. வானொலியில் இரவுப் பணி முடிந்து வந்து, ரசிகர்கள் ஆங்கிலத்துக்கு மாற்றிய பதிப்பை விளையாடினேன்.

பாழடைந்த மாளிகைக்குள் ஐந்து பேர். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் மருந்துப் பெட்டி. மற்றவர்களிடம் சாவி, கேமரா, வேக்குவம் கிளீனர். இறந்தவர் எழுந்து வரமாட்டார். ஆனால், அவருடைய கருவிக்கு மாற்றாக ஏதாவது அந்த மாளிகையிலேயே கிடைத்துவிடும், ஆட்டம் தொடரும். எத்தனை பேர் பிழைத்தார்களோ அதற்கேற்ப முடிவு மாறும்.

மருந்துப் பெட்டிக்காரி அக்கிக்கோவை இழந்த இரவில் தாத்தா நினைவு வந்தது. அந்தியில் வாசல் விளக்கைப் போடுவது அவர் வேலை. அவர் போனபின் டைமர் பொருத்திவிட்டோம். ஏழு மணிக்குச் சரியாக எரிகிறது.

"இன்னும் யார் வீட்டுக்கு வரல?" என்று கேட்கத்தான் ஆளில்லை.