‘பிரீமியம்’ என்னும் பெயரடையும் சாக்கெட் பெட்டியும்

தம் வண்டியைத் தாமே பழுதுபார்க்கத் தொடங்கும் ஆய்வாளர்களும் மாணவர்களும் அடிக்கடி எழுப்பும் வினா இது: சாக்கெட் செட் வாங்குவதென்றால் உயர்விலை அயல்நாட்டு நிறுவனத்தினுடையதை வாங்க வேண்டுமா, சாதாரணமானதே போதுமா? என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வீட்டளவில் வேலை செய்பவருக்கு, பெயர்பெற்ற உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் நடுத்தர விலைப் பெட்டியே போதும். நாம் அஞ்ச வேண்டிய எல்லைக்கோடு பிரீமியத்துக்கும் சாதாரணத்துக்கும் இடையில் இல்லை. சாதாரணத்துக்கும் பெயரற்றதற்கும் இடையில் இருக்கிறது.

மொழியியல் பயின்றோர் அறிந்த செய்திதான்: ‘உயர்ந்த’, ‘நல்ல’ போன்ற பெயரடைகள் தம்மளவில் முழுமை பெறுவதில்லை. எதனோடு ஒப்பிட்டு, எந்தப் பயனை முன்னிட்டு என்பது தெரிந்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு. பெட்டிகளின் மேல் அச்சிடப்படும் ‘பிரீமியம்’, ‘புரொஃபஷனல்’, ‘ஹெவி டியூட்டி’ ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ‘குரோம் வனேடியம்’ என்பது அறிவியல் துல்லியம் உடையதுபோல ஒலிக்கிறது. ஆனால் அது உலோகக் கலவையின் பெயர் மட்டுமே. அந்த எஃகு எவ்வாறு வெப்பப் பதப்படுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் கடினமும் உறுதியும் அமையும். அதைப் பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை. மாறாக, டின் 3124, ஐ.எஸ்.ஓ. 2725 போன்ற தர எண்கள் சோதித்துப் பார்க்கத்தக்க கூற்றுகள். ஒரு கட்டுரையில் சான்றில்லாத பெயரடையைக் கண்டால் உடனே அடிக்கோடிடும் நாம், கடையில் மட்டும் அதற்கு ஏன் பணம் செலுத்துகிறோம்?

உயர்விலைக் கருவிகளுக்கு உண்மையான சிறப்புகள் உண்டு. அவற்றை மறுப்பது நேர்மையாகாது. ராட்செட்டின் பல்சக்கரத்தில் 24 பற்கள் இருந்தால், அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடி 15 பாகை நகர வேண்டும். 72 பற்கள் இருந்தால் 5 பாகை போதும். எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கில் இவ்வேறுபாடு பெரிது. நல்ல எஃகால் ஆன சாக்கெட்டின் சுவரை மெல்லியதாக வைக்க முடிவதால், தடித்த சாக்கெட் நுழையாத இடத்திலும் அது நுழையும். தயாரிப்பில் ஒவ்வொரு துண்டும் ஒரே தரத்தில் அமைவதும் விலையில் அடங்கியிருக்கிறது.

ஆயினும் அவ்விலை எஃகுக்கு மட்டும் உரியதன்று. 1920-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கப்பட்ட ஸ்னாப்-ஆன் நிறுவனத்தின் மூலக் கருத்தே, 5 கைப்பிடிகளில் 10 சாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தலாம் என்பதுதான். பிற்காலத்தில் அதன் அடையாளமாக ஆனது, முகவரின் வேன் பட்டறை வாசலுக்கே வந்து நிற்கும் விற்பனை முறை. உடைந்த கருவியை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். வேலை நின்றால் வருமானம் நிற்கும் மெக்கானிக்குக்கு அச்சேவை விலைமதிப்புடையது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியைத் திறப்பவருக்கு அப்படிப்பட்ட வேன் வரப்போவதில்லை. வந்தாலும் அவருக்கு அவ்வளவு அவசரமில்லை. அவர் தமக்குப் பயன்படாத ஒன்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

நம் வண்டிகள் கேட்பது என்ன? 8, 10, 12, 13, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகள் பெரும்பான்மையான வேலைகளை முடித்துவிடும். நாசிக்கில் ஆலை கொண்ட டபாரியாவின் பெட்டியே இதற்குப் போதும். ஜலந்தரிலும் லூதியானாவிலும் உருவாகும் கைக்கருவிகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன என்பதையும் நினைவில் கொள்வோம்.

வீட்டு வேலையில் உண்மையான சேதம் பெரும்பாலும் வேறோர் இடத்தில் நிகழ்கிறது. சாதாரணமான 6 மில்லிமீட்டர் எஃகு போல்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே போதும். 250 மில்லிமீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் இது சுமார் 4 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம்தான். கை அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தந்துவிடும். அலுமினிய எஞ்சினின் மரை அத்துடன் அழியும். எவ்வளவு விலையுயர்ந்த சாக்கெட்டும் இதைத் தடுக்காது. தடுப்பது டார்க் ரெஞ்ச். ஆகவே பிரீமியம் பெட்டியில் மிச்சப்படுத்தும் தொகையின் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்குவதே அறிவுடைமை.

“மலிவாக வாங்குபவர் இருமுறை வாங்குவார்” என்ற மறுப்பு எழலாம். பெயரற்ற பெட்டியைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. ‘46 துண்டுகள்’ என்று எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டும் பெட்டிகளில் பாதியளவு திருப்புளி முனைகளாகவே இருக்கும். சாக்கெட்டின் உள்ளளவு சற்றே தளர்ந்திருந்தால் அது போல்டின் தலையை மழுக்கிவிடும். துருப்பிடித்த பிரேக் போல்டில் வழுக்கினால் விரல் முட்டிகள் கிழியும். நடுத்தரப் பெட்டியில் நிலைமை வேறு. வட இந்தியக் கடைகளில் சாக்கெட்டை ‘கோட்டி’ என்பர். ஆட்டக்காய்க்கும் அதுவே பெயர். ஒரு காய் தொலைந்தால் அதை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளலாம். எந்த அளவு நம் கையில் அடிக்கடி தேய்கிறதோ, அந்த ஒன்றை மட்டும் பின்னர் உயர்விலையில் வாங்கலாம். எதற்கு ‘உயர்ந்தது’ என்ற கேள்விக்கு அப்போது நம் அனுபவத்திலிருந்தே விடை கிடைத்திருக்கும்.

வாங்கும்போது பெயரடைகளை விட்டுவிட்டு நான்கைப் பாருங்கள். சாக்கெட்டின் உட்புறம் ஆறுமுனையா? பன்னிருமுனையைவிட அது மழுங்கிய தலையை நன்றாகப் பற்றும். ஒவ்வொரு துண்டிலும் தயாரிப்பாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா? துண்டுகள் தனித்தனியே கிடைக்கின்றனவா? ராட்செட்டின் பற்கள் எத்தனை? இவற்றோடு ஓர் எச்சரிக்கை: குரோம் பூசிய கைச்சாக்கெட்டை, அது எத்தனை உயர்ந்த நிறுவனத்தினுடையதாயினும், இம்பேக்ட் ரெஞ்சில் பொருத்தக் கூடாது. அது வெடித்துச் சிதறக்கூடும். அதற்கென உள்ள கறுப்பு நிறச் சாக்கெட்டுகளையே பயன்படுத்த வேண்டும்.

உதவித்தொகை எந்த மாதத்தில் வரும் என்று தெரியாத வாழ்க்கையில், ஒரு ராட்செட்டுக்காக முழுப் பெட்டியின் விலையைக் கொடுப்பது தரத்தின் மீதான பற்று அன்று. தேவை எது என்று அறிந்தபின் கொடுக்கும் விலைதான் தரத்துக்குக் கொடுக்கும் விலை.