மாஸ்டர் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது?

சென்னையில் ஏதாவது ஒரு தெருமுனை ஜிம்முக்குள் நுழைந்தால் பெரும்பாலும் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால், சனி வயிறு. ஒவ்வொன்றுக்கும் மூன்று செட், செட்டுக்குப் பத்து தடவை. கல்லூரிப் பையனுக்கும் அதுதான், அவனைச் சேர்த்துவிட வந்து தானும் சேர்ந்துகொண்ட அவனுடைய அப்பாவுக்கும் அதுதான். மாதக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்தால் 'பர்சனல் ட்ரெய்னிங்'. அப்போது என்ன மாறுகிறது? பல இடங்களில் சார்ட் மாறுவதில்லை. பக்கத்தில் ஒரு மாஸ்டர் நின்று "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று எண்ணுகிறார். எண்ணுவதற்கா அவ்வளவு பணம் என்று யாரும் கேட்பதில்லை!

அந்த 'மூன்று செட், பத்து தடவை'க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், சிகாகோவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் அடிபட்டு வந்த வீரர்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். 1945-இல் அவர் எழுதிய முறையில் ஏழு முதல் பத்து செட் வரை இருந்தது. அவ்வளவு தேவையில்லை என்று கண்டு, 1948-இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து மூன்று செட்டாகக் குறைத்தார். முதல் செட் பாதி எடையில், இரண்டாவது முக்கால் எடையில், மூன்றாவது முழு எடையில். முழு எடை என்றால் எது? அந்த நோயாளியால் பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை. அது ஆளுக்கு ஆள் வேறு. அதையும் வாராவாரம் திரும்பச் சோதித்துத்தான் ஏற்றினார்கள். சார்ட் அச்சடித்தவர்கள் மூன்றையும் பத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த நோயாளியை விட்டுவிட்டார்கள்.

பர்சனல் ட்ரெய்னிங் என்ற பெயருக்கு அர்த்தம் வேண்டுமென்றால் திட்டம் ஆளிடமிருந்து தொடங்க வேண்டும். முதல் நாள் மாஸ்டர் கையில் டம்பெல் இருக்கக் கூடாது, நோட்டும் பேனாவும் இருக்க வேண்டும். நெஞ்சு வலித்ததுண்டா, தலை சுற்றியதுண்டா, மூட்டில் தொல்லை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இப்படி ஏழே கேள்விகள் கொண்ட ஒரு தாள் கனடாவில் 1970-களிலேயே தயாரானது. இன்று அதன் திருத்திய வடிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஆனால் நம்மூர் ஜிம் படிவம் பல நேரங்களில் பெயர், செல் நம்பர், எந்தத் தேதியில் பணம் கட்டினார் என்பதோடு முடிந்துவிடுகிறது.

இது சும்மா சம்பிரதாயத்துக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்று கணக்கிட்டது. பெரியவர்களில் 100-க்கு 35 பேருக்கு ரத்தக்கொதிப்பு. அப்படியென்றால் காலை ஆறு மணிக்கு ட்ரெட்மில்லில் நிற்கும் நாற்பது வயதுக்காரர்களில் பலர் ஏதோ ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் நிற்கிறார்கள்.

ஓர் உதாரணம். 48 வயது வங்கி ஊழியர். ரத்தக்கொதிப்புக்கு மெட்டோப்ரோலால், சர்க்கரைக்கு கிளிமிப்ரைடு. இரண்டும் இங்கே மெடிக்கல் ஷாப்புகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் மாத்திரைகள். மாஸ்டர் கணக்குப் போடுகிறார்: 220-இல் வயதைக் கழித்தால் 172, அதில் 70 சதவீதம் சுமார் 120, அந்தத் துடிப்பு வரும்வரை ஓடட்டும். இந்த 220 கணக்கே ஒரு சராசரிதான். ஒரே வயதுக்காரர்களிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சகஜம். அதைவிடப் பெரிய சிக்கல், மெட்டோப்ரோலாலின் வேலையே இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. மனிதர் நாக்குத் தள்ள ஓடினாலும் மெஷினில் 120 வராமல் போகலாம். "இன்னும் ஸ்பீடு ஏத்துங்க சார்" என்று மாஸ்டர் சொன்னால் அது பயிற்சி இல்லை, விபரீதம்.

அடுத்தது கிளிமிப்ரைடு. வெறும் வயிற்றில் இதைப் போட்டுக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் உடம்பை வருத்தினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். இதில் நடுக்கத்தையும் படபடப்பையும் முதல் மாத்திரை மறைத்துவிடும். மிச்சமிருப்பது வியர்வை. ஜிம்மில் ஒருவர் வியர்த்து நின்றால் யாராவது பயப்படுவார்களா? "சூப்பர் சார், நல்லா ஒர்க் அவுட் ஆகுது" என்றுதான் சொல்வார்கள். மாத்திரைப் பெயரை முதல் நாளே எழுதி வாங்கிய மாஸ்டருக்கு மட்டும்தான், இவர் பேச்சு குழறினால் உட்காரவைத்துக் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்று தெரியும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பயிற்சி நேரத்தோடு பொருத்தவும் தெரியும்.

இவருக்குத் துடிப்பு எண்ணை விடப் பேச்சுதான் நல்ல அளவுகோல். நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது' என்று ஆளையே கேட்டு எண்ணால் குறிக்கும் முறையை சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் எப்போதோ உருவாக்கி வைத்துவிட்டார். மெஷினும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

சரி, இந்த வங்கிக்காரருக்கு என்னதான் வேண்டுமாம்? கேட்டால் "தொப்பை குறையணும்" என்பார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். (சனிக்கிழமை வயிற்றுப் பயிற்சி அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது என்பதை இன்னும் எத்தனை வருடம் சொல்ல வேண்டுமோ!) இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்க முடியவில்லை, பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலை கிரிவலம் போக ஆசை, 14 கிலோமீட்டர் நடக்க முடியுமா என்று பயம். இந்த இரண்டு வரிகளில்தான் இவருடைய திட்டமே இருக்கிறது. கேனுக்காகக் கீழிருந்து எடை எடுக்கும் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கிப் பஸ்கி, சுவரில் கை ஊன்றுவதில் தொடங்கித் தண்டால், முதுகுக்கு இழுக்கும் பயிற்சி ஒன்று. கிரிவலத்துக்காக வாரம் ஒரு நாள் நீண்ட நடை, மூன்று கிலோமீட்டரில் ஆரம்பித்து வாரம் ஒரு கிலோமீட்டராக ஏற்றம். கிரிவலம் பலர் வெறுங்காலோடு போவார்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு அது ஆகாது, குத்திய முள் இரவு வரை தெரியாது. இதையும் மாஸ்டர் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

எத்தனை நாள்? சுவர் சார்ட் ஆறு நாள் கேட்கிறது. வங்கிக்காரர் வாரம் மூன்று நாள் வந்தால் பெரிது. ஆறு நாள் சார்ட்டில் வெள்ளிக்கிழமை ஒரு மீட்டிங் வந்தால் அந்த வாரம் காலுக்குப் பயிற்சியே கிடையாது. (வெள்ளிக்கிழமை மீட்டிங் இல்லாத பையன்களும் அன்று ஏனோ காணாமல் போகிறார்கள் என்பது வேறு கதை.) மூன்று நாளும் உடம்பு முழுவதற்குமான பயிற்சி என்று வைத்தால், ஒரு நாள் தவறினாலும் எல்லாத் தசைக்கும் இரண்டு முறை வேலை கிடைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னதும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி, அவ்வளவுதான். மார்ச் கடைசியில் வங்கியில் கணக்கு முடிக்கும் வாரம் வரும். அந்த வாரத்தைத் திட்டத்திலேயே லேசான வாரமாகக் குறித்துவிட வேண்டும். 'இந்த வாரம் வர முடியலையே' என்று குற்ற உணர்ச்சியில் ஆரம்பிப்பதுதான், பலருக்கு ஜிம்மையே நிறுத்துவதில் போய் முடிகிறது.

எடையை எப்போது ஏற்றுவது என்பதற்குக் கைகுலுக்கலும் உற்சாகக் கூச்சலும் தேவையில்லை, எழுத்து தேவை. எட்டு தடவை செய்ய முடிகிற எடையில் தொடங்கி, முடித்த பிறகும் இன்னும் இரண்டு மூன்று செய்யத் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள்பட அது பன்னிரண்டு ஆகும். அடுத்தடுத்து இரண்டு நாள் பன்னிரண்டைத் தொட்டால் இரண்டரை கிலோ ஏற்றி மறுபடி எட்டிலிருந்து தொடங்கலாம். தேதி, எடை, எத்தனை தடவை, எவ்வளவு கஷ்டம், வலி உண்டா. ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி.

இங்கே மாஸ்டரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வரிசையாக ஆட்கள். அவர்களில் பாதிப் பேர் கேட்பதே வலியைத்தான். "நேத்து செஞ்சதுல இன்னிக்கு மாடி ஏற முடியல மாஸ்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பழக்கமில்லாத வேலை செய்தால் ஒன்று இரண்டு நாள் கழித்துத் தசை வலிப்பது இயல்பு. ஆனால் வலி கூடினால் பலன் கூடும் என்று கணக்கு எதுவும் கிடையாது. முதல் வாரமே நூறு பஸ்கி போடவைத்தால் சிலருக்குத் தசை நார் சிதைந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போய், சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் படுக்க நேரும். வலிக்காமல் அனுப்பும் மாஸ்டரிடம் 'காசு வாங்கிக்கிட்டு ஒண்ணும் பண்ணல' என்று சண்டைக்குப் போகும் வாடிக்கையாளர் இருக்கும்வரை, மாஸ்டரும் வலியைத்தான் விற்பார். ஓனரும் அதைத்தான் விரும்புவார், வியர்வை கண்ணுக்குத் தெரியும், நோட்டு தெரியாது.

பணம் கட்டப் போகிறவர்களுக்கு இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது வாரம், "போன புதன்கிழமை எத்தனை கிலோவில் எத்தனை தடவை செய்தேன்?" என்று மாஸ்டரிடம் கேட்கலாம். நோட்டைப் புரட்டுகிறாரா, சுவரைப் பார்க்கிறாரா என்று கவனித்தால் போதும். வங்கிக்காரரின் நோட்டு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் பன்னிரண்டாவது வாரம் அதில் தொப்பையின் சுற்றளவு ஒரு வரியாக இருக்கும். இன்னொரு வரியில் ஓய்வில் எடுத்த ரத்த அழுத்தம். அதற்குக் கீழே, கேனைத் தானே தூக்கி வைத்தாரா என்று ஒரு கேள்வி, பக்கத்தில் பதில். அடுத்த பௌர்ணமி எந்தத் தேதி என்பதும்.